ஊன்றாத கால்

"எலும்பு கூடிவிட்டது என்று சொன்னீர்களே, வைத்தியரம்மா. பின்னே ஏன் இந்தக் கால் நாளுக்கு நாள் மெலிகிறது?"

வடமலை கேட்டார். பெருமாளைத் தோளில் சுமக்கும் சீர்பாதந்தாங்கி அவர். சென்ற உற்சவத்தில், மழையில் நனைந்த கல்லில் வழுக்கி, கருட வாகனத்தின் பாரம் முழுதும் அவர்மேல் சாய்ந்தது. வலக் கணைக்கால் ஒடிந்தது. வாகனம் தரையைத் தொடவில்லை. தோளை அவர் விலக்கவில்லை.

எலும்பு கட்டும் செங்கமலம் அவரைவிட இருபது வயது இளையவள். கட்டைப் பிரித்து இருபது நாளாயிற்று.

காலைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு கூடித்தான் இருந்தது. பாதத்தைத் திருப்பினாள். மண்படாத பாதம்.

"ஊன்றவே இல்லையா?"

"இல்லை."

"வலித்ததா?"

"வலிக்கு அஞ்சுகிறவனா நான்? ஒடித்தது பெருமாள் பாரம். இந்தக் கால் முதலில் தாங்குவதும் அவர் பாரமாகவே இருக்கட்டும் என்று சந்நிதியில் சொல்லிவிட்டேன். அதுவரை என் பாரத்தைக்கூட இது தாங்காது."

"அதனால் கவைக்கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொக்குப் போல் நிற்கிறீர்கள்."

"சிரியுங்கள். கருட சேவைக்கு இன்னும் நாற்பத்தெட்டு நாள். அன்று நான் நிற்காவிட்டால் வாகனத்தைத் தூக்கும் முன் தண்டு வேறொருவனுக்குப் போகும். எங்களில் ஒருமுறை கைமாறிய தண்டு திரும்பாது. எனக்கு மருந்து கொடுங்கள்."

செங்கமலம் மருந்து எடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, அவருடைய வலத்தோளின் மேலேயே வைத்தாள்.

"என்ன இருக்கிறது?"

"மேடு."

"தோலா?"

அவர் அழுத்திப் பார்த்தார். "இல்லை. எலும்பு."

"இடத்தோளில்?"

"ஒன்றுமில்லை. அதன்மேல் நான் தண்டு வைப்பதே இல்லை."

"வலத்தோளுக்கு எந்தக் கடையில் மருந்து வாங்கினீர்கள்?"

வடமலை மேட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அழுத்தம் பட்ட இடத்தில் எலும்பு உள்ளிருந்து அரும்பும். படாத இடத்தில் இருப்பதும் கரையும். அந்தக் கால் கரைந்துகொண்டிருக்கிறது, ஐயா. இன்றே ஊன்றுங்கள்."

"மாட்டேன்."

"கருட சேவையன்று முதல் அடியிலேயே மறுபடி ஒடியும்."

"ஒடியட்டும்! அவருக்காக ஒடிந்தது, அவருக்காகவே இன்னொரு முறை ஒடியட்டும். சொன்ன சொல்லை விட்டுவிட்டு எந்த முகத்தோடு அவர் முன் நிற்பேன்?"

"நிற்பதற்கு முகம் எதற்கு? கால் வேண்டும்."

"இதோ பாரம்மா, நீ எலும்பு மட்டும் அறிந்தவள். எனக்கும் அவருக்கும் நடுவே வராதே."

செங்கமலம் எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டாள் என்றே வடமலை நினைத்தார்.

சற்று நேரத்தில் கோயிலிலிருந்து திரும்பினாள். கையில் வாழையிலை. இலையில், காலையில் பெருமாளுக்குச் சாத்திக் களைந்த துளசி மாலை.

அதை எடுத்து அவருடைய வலத்தோளில், மேட்டின்மேல், வைத்தாள்.

"இது யார் தோளில் இருந்தது?"

"பெருமாள் தோளில்."

"அப்படியானால் அவர் பாரம் வந்துவிட்டது. ஊன்றுங்கள்."

வடமலையின் முகம் சிவந்தது. "கேலி செய்கிறாயா? முப்பத்திரண்டு தோள் சேர்ந்தால்தான் எழும்புவார் அவர். இது ஒரு மாலை!"

"இதில் அவர் எவ்வளவு குறைகிறார்? நிறுத்துச் சொல்லுங்கள். குறைவதையும் கொண்டுவருகிறேன்."

வடமலை மாலையைத் தொட்டுப் பார்த்தார்.

துளசி மணத்தது. ஓர் இலை அவர் கழுத்தில் ஒட்டிக்கொண்டது.

கோபுரம் இருந்த திசையை முறைத்துப் பார்த்தார். பிறகு, கவைக்கோலை இறுகப் பற்றிக்கொண்டு, வலப் பாதத்தை இறக்கினார்.

விரல் மண்ணில் பட்டது. குதிகால் பட்டது. உடம்பைச் சிறிது சிறிதாக அதன்மேல் சாய்த்தார். கணைக்கால் நடுங்கியது. நெற்றியில் வியர்வை வழிந்தது. காலை அவர் எடுக்கவில்லை.

"இன்றைக்குப் போதும்" என்று செங்கமலம் மாலையை எடுக்கக் கை நீட்டினாள்.

வடமலை அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"நாளைக்கு இதை நனைத்துக் கொண்டு வா. கனக்கட்டும்."