சுருள் விட்டுக்கொடுக்காத இடம்

இன்னும் கம்ப்யூட்டர் வரைபடமாகவே இருந்த ஒரு வயர்லெஸ் சில்லில் உலோகச் சுருள் ஒன்று குடியிருந்தது. மின்தேக்கியோடு சேர்ந்து, தடுமாறாமல் ஒரே சீராக அலை எழுப்புவது அதன் வேலை. அந்த அலையை வைத்துத்தான் பக்கத்திலிருந்த ரிசீவர் தூரத்துக் குரலைப் பிடிக்கும். அலை நடுங்கினால் சில்லே குப்பைதான்.

வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் வாரத்தில், காலி இடத்தை உலோகத்தால் நிரப்பச் சொல்லும் தொழிற்சாலையின் நிரப்பு விதி வந்து சேர்ந்தது. காலி இடம் இருந்தால் சில்லு தயாராகும்போது மேடுபள்ளமில்லாமல் தேய்க்க முடியாதாம். அதனால் வெற்றிடம் கண்ட பக்கமெல்லாம் உலோகத் துண்டுகளைத் தூவிக்கொண்டே வந்தது.

"ஏம்மா, நடுவுல இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வச்சிருக்கியே?" என்றது விதி.

"சும்மா இல்ல. என் காந்தப்புலம் நடமாடுற இடம். அங்க துண்டு விழுந்தா என் சக்தியை உறிஞ்சிடும்" என்றது சுருள்.

விதிக்குக் காது ஏது? அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தது.

கம்ப்யூட்டரிலேயே நடந்த சோதனை ஓட்டத்தில் ரிசீவர் புலம்பியது. "பக்கத்து அலைவரிசை இரைச்சல்தான் காதை அடைக்குது. தூரத்துக் குரலைக் காணோம்."

"கரண்ட்டைக் கூட்டிச் சமாளி" என்றது விதி, சுருளிடம்.

சுருளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு அளவுக்கு மேல கரண்ட் ஏத்தினா இரைச்சல்தான் ஏறும். பேட்டரியும் தீரும். செய்ய மாட்டேன்."

"அப்ப உன்னைத் தூக்கிட்டு, சுருளே இல்லாத குட்டி அலையாக்கியை வைப்பாங்க."

"தாராளமா வைக்கட்டும். அது போடுற இரைச்சலையும் ரிசீவர் கேட்கட்டும்."

வடிவமைப்பாளர் ஜெசிந்தா சோதனை முடிவைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "அட, சுருளைச் சுத்தி 'நிரப்பாதே'ன்னு எல்லைக்கோடு போட மறந்துட்டேனே!" கோட்டை வரைந்தாள். நடுவிலிருந்த துண்டுகளை ஒன்று விடாமல் அழித்தாள். தன்னை மீறிவிட்டாளென்று திரை முழுக்க விதி சிவப்பாய் எரிந்தது.

"எரி, நல்லா எரி. இந்த இடத்துக்கு மட்டும் விலக்குக் கேட்டுத் தொழிற்சாலைக்கு நான் கடிதம் எழுதுறேன். சுருள் இங்கதான் இருக்கும்" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

விலக்கு கிடைத்தது. மறு சோதனையில் அலை நடுங்கவில்லை. ரிசீவருக்குத் தூரத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்கத் தொடங்கியது.

விதிக்கு மனசு ஆறவில்லை. ஒரே ஒரு துண்டோடு எல்லைக்கோட்டருகே வந்து நின்றது. "இது ஒண்ணு மட்டுமாவது?"

சுருள் சொன்னது: "போடலாம். முதல்ல அந்தக் குரல்கிட்ட போய், வாயை மூடச் சொல்லிட்டு வா."