இடைவேளைப் பலகை

ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் சபாபதி உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்ததும் நேரே மடத்துக்குப் போய்க் குருவின் எதிரில் அமர்ந்துவிடுவது அவர் வழக்கம்.

அன்று மடத்துக் குழாய் இணைப்புக்காகக் குருவே வந்து வரிசையில் நின்றார். சபாபதி அதைக் கவனிக்கவில்லை. அவர் கண், குருவுக்கு முன்னால் நின்ற வேதகிரியின் மேல் இருந்தது. வேதகிரி ஜன்னலை எட்டியதும் சபாபதி ‘இடைவேளை’ என்று எழுதிய பலகையை எடுத்து வைத்தார்.

“போன தடவையும் என் முறை வந்ததும் இதேதான் சார். வீட்டுல சொட்டுத் தண்ணி இல்லை.”

“நாங்க டீ குடிக்க வேண்டாமா?”

“எத்தனை டீ? வயிறா, அண்டாவா?” என்று பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தாள்.

குரல் வந்த பக்கம் திரும்பிய சபாபதி, குருவைப் பார்த்துவிட்டார். பதறி வெளியே ஓடி வந்தார்.

“சாமி, நீங்க ஏன் வெயில்ல? உள்ளே வாங்க. உடனே முடிச்சுத் தரேன்.”

“எனக்கு முன்னாடி இவர் நிக்கிறார்.”

சபாபதி குருவைத் தூணோரம் அழைத்துப் போனார். குரல் தாழ்ந்தது.

“இவர் யாருன்னு உங்களுக்குத் தெரியாது சாமி. ஒருநாள் இதே வரிசையில நின்னு, ‘அந்த நாற்காலியில ஒரு எருமையைக் கட்டியிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்’னு சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. என் மக சோத்துத் தூக்கோட நின்னுக்கிட்டிருந்தா. அவளும் சிரிச்சா.”



“அவர் சொன்னது தப்பு” என்றார் குரு.

“அவருக்கு அது ஞாபகமே இல்லை சாமி.”

“உனக்கு?”

“மறக்கலை. காலையில ஜன்னலைத் திறந்ததும் வரிசையைத்தான் பார்ப்பேன், இவர் நிக்கிறாரான்னு.”

“நின்னா?”

“முறை வந்ததும் பலகையை வைப்பேன்.”

“வராத நாள்ல?”

சபாபதி தரையைப் பார்த்தார். “நாளைக்கு வருவார்னு இருப்பேன்.”

குரு தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். வரிசைக்குத் திரும்பும் முன் சொன்னார்:

“அவர் தண்ணிக்காகக் காத்திருக்கார். நீ அவருக்காகக் காத்திருக்கே. அவராவது சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போயிடுறார்.”