அறுபதுக்கு அறுபது

"வீட்ல போட்டா அறுபதுக்கு அறுபது, டீச்சர். பரீட்சை ஹாலுக்குள்ள போனா கண்ணைக் கட்டிக் காட்ல விட்ட மாதிரி ஆயிடுது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

கேட்டது எமிலியா. இருபது வருஷமாக நர்ஸ். ஊருக்கெல்லாம் ஊசி போட்ட கை, இடைநிலை ஆங்கிலத் தேர்வில் மட்டும் தப்புத் தப்பாகப் போடும். இலக்கணமும் சொற்களும்தான் கேட்பார்கள்; நாலு விடையில் சரியானதை டிக் அடித்தால் போதும். ஆனாலும் இரண்டு தடவை தோற்றாயிற்று.

கணவரும் மகளும் வெளிநாடு போய் மூன்று வருஷம். தேறி வந்தால் வேலை என்று அங்கே ஓர் ஆஸ்பத்திரி சொல்லியிருக்கிறது. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

டீச்சர் ரிஸ்வானாவுக்கு எமிலியாவின் வயசில் பாதிதான். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் பாடம் நடத்துகிறாள். பேச்சு ரொம்பக் குறைச்சல்.

"புஸ்தகத்தைக் காட்டுங்கக்கா."

மாதிரித் தேர்வுப் புத்தகம். பென்சிலால் டிக் அடிப்பது, ரப்பரால் அழிப்பது, மறுபடி முதலிலிருந்து அடிப்பது. அழித்து அழித்துப் பக்கமெல்லாம் வெங்காயத் தோலாகியிருந்தது.

"எத்தனை தடவை போட்டீங்க?"

"பதினாலு! சும்மா இல்ல டீச்சர், உசுரைக் கொடுத்துப் படிக்கிறேன்."

ரிஸ்வானா புத்தகத்தோடு கீழே போனாள். அரை மணி கழித்து ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்தாள்.

"போடுங்க."

எமிலியா ஒரு பார்வைதான் பார்த்தாள். "அட, இது அஞ்சாவது பரீட்சைதானே!"

பென்சில் பறந்தது. ஏழே நிமிஷம்.

டீச்சர் திருத்தினாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

"பாத்தீங்களா! சொன்னப்ப நீங்க நம்பலையே!" எமிலியாவுக்கு வாயெல்லாம் பல்.

"முதல் கேள்வியக் கொஞ்சம் வாசிங்கக்கா."

எமிலியா தாளை எடுத்தாள்.

எண் ஒன்று. பக்கத்தில் வெறும் வெள்ளை. கீழே நாலு விடைகள், மூன்றாவதில் அவளுடைய டிக்.

எண் இரண்டு. அங்கேயும் வெள்ளை.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அறுபது கேள்வியில் ஒன்றையும் காணோம். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, விடைகளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்திருந்தாள் டீச்சர்.

எமிலியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. அழுகைகூட முட்டிக்கொண்டு வந்தது.

"பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்குக்கா?"

"இருபத்திரண்டு."

ரிஸ்வானா புத்தகத்தை நீட்டினாள். எமிலியா வாங்கவில்லை. கையிலிருந்த பென்சிலை மேஜைமேல் வைத்தாள்.

"நீங்களே வாசிங்க டீச்சர். என்ன கேக்குறாங்கன்னு முதல்ல கேட்டுக்கிறேன்."