பூதத்துக்கு முதல் பாட்டு

இல்ல சார், கவிஞனுக்கு நீட்டி முழக்கணும்னு ஆசை எல்லாம் இல்ல. காரணம் வேற. உங்க கையில இருக்குற பழைய பாட்டுப் புத்தகத்துல, வீரனைப் பாட வந்தவன் பூதத்துக்குப் பல்லு எத்தனை, வாலு எத்தனை முழம்னு நூறு வரி பாடிட்டிருக்கான், வீரன் எப்பதான் வருவான்னு கேட்டீங்கள்ல? அது மிர்ட்டான்னு ஒரு பொம்பளையால வந்த பழக்கம்.

பாம்பும் பருந்தும் மனுஷங்களோட உக்காந்து ஊர்க்கதை பேசின காலம் அது. கிரேக்கக் கடல்ல ஒரு சின்னத் தீவு. ஆலிவ் மரம், ஆடு, பாறை, மூணும் வேணுங்கிற அளவு உண்டு. தண்ணி மட்டும் ஒரே இடத்துல. மலையடிவாரத்துல ஒரு குகை, அதுக்குள்ள ஒரு ஊத்து. அந்த ஊத்தைச் சுத்தி பெலாகா படுத்திருந்தா.

பெலாகா பூதம். கழுத்துக்குக் கீழ பாம்பு, மேல பொம்பளை முகம். முகம் ஒரு படகு அகலம் இருக்கும். செதில் ஒவ்வொண்ணும் தேய்ச்சு வச்ச வெண்கலத் தாம்பாளம் மாதிரி. அவ மூச்சு விட்டா மலை மேல மேயுற ஆடு நாலடி தள்ளிப் போய் நிக்கும். பார்த்தவங்க முதல்ல பயந்தாங்க, அப்புறம் வாயைப் பொளந்துட்டு நின்னாங்க. அவ்வளவு கம்பீரம்.

அந்த நாட்டுல சண்டைக்குன்னு ஒரு முறை இருந்துச்சு. வாளை எடுக்குறதுக்கு முன்னாடி நின்னு உன் வம்சத்தைச் சொல்லணும். அப்பன் யாரு, பாட்டன் யாரு, யாரு எந்தக் காளையை அடக்கினாங்க, எல்லாம். சொல்லி முடிக்கிற வரைக்கும் எதிராளி தொடக்கூடாது. பெலாகா பூதம்தான், ஆனா முறை தப்பாதவ. தாடையைப் பாறை மேல வச்சு, கண்ணைப் பாதி மூடி, குறுக்க ஒரு வார்த்தை பேசாம கேப்பா.

அக்கரையிலிருந்து ராஜா மகனுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. காலையில ஆரம்பிச்சா உச்சி வெயில் வரைக்கும் வம்சம் ஓடும். அந்த நேரத்துல தீவுப் பொம்பளைங்க குடத்தோட பக்கவாட்டுல நுழைஞ்சு தண்ணி மொண்டுக்குவாங்க. பெலாகா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பா. கேக்குறப்ப கடிக்கிறது மரியாதை இல்லன்னு அவ நெனப்பு. ராஜா மகன் முடிக்கிறப்போ தொண்டை கட்டியிருக்கும், கை மரத்திருக்கும், வெயில் நேரா கண்ணுல அடிக்கும். ஒரே வாய். அவ்வளவுதான். தீவுக்காரங்க ரொம்ப வருத்தப்படுவாங்க. சின்ன வம்சத்துக்காரன் வந்துட்டா இன்னும் அதிகமா வருத்தப்படுவாங்க, பாதிக் குடம்தானே நிறைஞ்சிருக்கும்.

ஒரு கட்டத்துல ராஜா மகனுங்க தீர்ந்துபோனாங்க. நாலு நாளா ஒரு கப்பலும் வரல. தீவுல ஒரு சொட்டு தண்ணி இல்ல.

மிர்ட்டா, கடலுக்கடியில பாறையில ஒட்டி வளர்ற கடல் பஞ்சை முங்கி எடுக்குறவ. அவ புருஷன் தெரோன் காய்ச்சல்ல கிடந்தான். உதடு வெடிச்சு, நாக்கு கட்டையாயிருச்சு. இன்னிக்குள்ள தண்ணி இறங்கலன்னா பிழைக்க மாட்டான். மிர்ட்டா பஞ்சு அறுக்குற கத்தியை எடுத்து இடுப்புல சொருகிட்டுக் கிளம்பினா.

ஊர்த்தலைவர் கிரத்தான் வழியை மறிச்சார். "எங்கம்மா போற? போய் யாரு மகள்னு சொல்லுவ? உடைஞ்ச கப்பல் பலகையில ஒதுங்கின குழந்தைதானே நீ. உங்கப்பன் பேரு உனக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றேன்."

"வம்சம் சொல்றவன்தான் வீரன். சொல்ல முடியாதவன் வெறும் இரை. உடனே தின்னுடுவா!"

"இங்க இருந்தாலும் என் புருஷன் சாகத்தானே போறான்? நகருங்க."

அவர் நகர்ந்தார். ஒரு ஈட்டியை எடுத்துக்கிட்டுப் பின்னாலயும் போனார். அதையும் சொல்லணும்ல.

குகை வாசல்ல பெலாகா தலையைத் தூக்கினா. "யாரு மக நீ?"

"தெரியாது."

"பாட்டன்?"

"அப்பனே தெரியாதுங்கிறேன், பாட்டனுக்கு எங்க போவேன்?"

பெலாகா வாயைத் திறந்தா. உள்ள இருந்து வந்த காத்துல மிர்ட்டா தலைமுடி பின்னால பறந்துச்சு. ஓடல அவ. நின்ன இடத்துல நின்னு கேட்டா: "என் வம்சம் எனக்குத் தெரியாது. உன்னோடது உனக்குத் தெரியுமா?"

திறந்த வாய் அப்படியே நின்னுடுச்சு. அதுவரைக்கும் எத்தனையோ வீரனுங்க வந்தாங்க. எல்லாரும் சொன்னாங்க, ஒருத்தனும் கேட்டதில்ல.

"தெரியும்"னா பெலாகா. "முழுசா கேப்பியா?"

"உக்காந்து கேக்குறேன்."

பெலாகா ஆரம்பிச்சா. கரை இல்லாத முதல் தண்ணியிலிருந்து ஆரம்பிச்சா. முதல் தண்ணிக்கு ஆழம் பொறந்துச்சு, ஆழத்துக்கு இருட்டு, இருட்டுக்கு முதல் அலை. மலைங்க எல்லாம் அவ வம்சத்துல பின்னால பொறந்த பிள்ளைங்க. மூணு பகல் ஆச்சு. மொத நாளே ஊரே வரிசையா வந்து தண்ணி எடுத்துச்சு. தெரோன் தொண்டையில தண்ணி இறங்கி, ரெண்டாம் நாள் எழுந்து உக்காந்தான்.

மூணாம் நாள் பெலாகா பழைய பேரைச் சொல்ற சுகத்துல தலையை மேல தூக்கினப்போ, கழுத்துக்குக் கீழ செதில் இல்லாத இடம் ஒண்ணு தெரிஞ்சுது. கிரத்தான் ஈட்டியை மிர்ட்டா கையில திணிச்சார். "குத்தும்மா! இப்ப விட்டா கிடைக்காது!"

"அவ பேசிட்டிருக்கால்ல?"

"அவ பூதம்மா!"

"ராஜா மகனுங்க உளறினதை எல்லாம் இவ உக்காந்து கேட்டா. இவ பேசுறப்ப நான் குத்தணுமா?"

"முடிஞ்சதும் உன்னைத் தின்னுடுவாளே!"

"கதை முடியட்டும்."

பெலாகா காதுல எல்லாம் விழுந்துச்சு. ஆனா வம்சத்தை நிறுத்தல. "புயலுக்குச் சுழி. சுழிக்கு நான், பெலாகா. எனக்கு அப்புறம் யாருமில்ல"ன்னு முடிச்சா. அப்புறம் தலையை மிர்ட்டா உயரத்துக்கு இறக்கினா. "நான் சொல்லிட்டேன். முறைப்படி இப்ப நீ சொல்லணும். சொல்ல ஒண்ணுமில்லன்னா நீ இரை."

மிர்ட்டா ஈட்டியையும் கத்தியையும் கீழ வச்சா. கடலுக்கடியில எந்தப் பாறை, எந்தப் பொந்துன்னு ஒரே மூச்சுல ஞாபகம் வச்சு முங்கி எழுறவ அவ. கேட்டது ஒண்ணும் போகாது. "கரையில்லாத முதல் தண்ணி. அதுக்கு ஆழம். ஆழத்துக்கு இருட்டு"ன்னு தொடங்கினா. ஒரு பேரைக்கூட விடல. அவளும் மூணு பகல் சொல்லி, மூணாம் நாள் சாயங்காலம் வெயில் சாயுறப்ப கடைசிக்கு வந்தா. "புயலுக்குச் சுழி. சுழிக்குப் பெலாகா." கொஞ்சம் மூச்சு வாங்கினா. "பெலாகாவுக்கு மிர்ட்டா."

கிரத்தான் வாயைப் பொத்திக்கிட்டார்.

பெலாகா கண்ணைப் பாதி மூடி ஒவ்வொரு பேரையும் மறுபடி எண்ணிப் பார்த்தா. அப்புறம், "ஒரு இடத்துலயும் தப்பில்ல"ன்னா. "சொந்த ரத்தத்தோட சண்டை போடுறது எந்த முறையிலயும் கிடையாது. ஊத்து உன்னோடது."

வளையம் வளையமா அவிழ்ந்து கடலுக்குப் போனா. அவ வாலு குகையை விட்டு வெளிய வர்றதுக்கே நாலு ஆளு சாப்பிட்டு முடிக்கிற நேரம் ஆச்சாம். தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி திரும்பிப் பார்த்துச் சொன்னா: "நாளைக்கு உன்னைப் பாட ஆளு வருவாங்க மகளே. முதல்ல என்னைப் பாடாம உன்கிட்ட வரக்கூடாதுன்னு சொல்லிடு."

மிர்ட்டா சொன்னா. தீவுக்காரங்க பாடினாங்க. அவங்ககிட்ட கேட்டவங்க கப்பல் ஏறிப் போய்ப் பாடினாங்க. பல நூறு வருஷம் கழிச்சு, பனி கொட்டுற நாட்டுல ராஜா மண்டபத்துல நெருப்புக்குப் பக்கத்துல உக்காந்து பாடின உங்க புத்தகத்துக் கவிஞனும் அதையேதான் செஞ்சான். வீரனோட அப்பன் பேரு தெரியாட்டிப் பரவாயில்ல, அவன் யாரு எதிர்ல போய் நின்னான்னு தெரியணும். அன்னையிலிருந்துதான் சார் வீரனைப் பாட வாயைத் திறக்குறவன் எவனா இருந்தாலும், பூதத்தைப் பாடிட்டுத்தான் வீரன்கிட்ட வர்றான்.

"சேவுகண்ணே! லாரி வந்து கால் மணி நேரமாச்சு, குடோனைத் திறங்க!"

"வர்றேன்யா, கத்தாத!"

என்னைத்தான் கூப்பிடுறான், குடோன் சாவி என்கிட்டதான் சார் இருக்கு. நீங்க டீயைக் குடிங்க.