தும்பை முயலின் எருக்குழி

பனிமூட்டம் விலகாத மூங்கில்காட்டில், சரிவான துண்டு நிலங்களில் கேழ்வரகு விதைத்துப் பிழைத்துவந்தன முயல்கள். அங்கே ஒரு வழக்கம். ஆண் முயல்கள் மண்ணைக் கிளறி விதைக்கும். பெண் முயல்கள் யானை லத்தி பொறுக்கிவந்து எருக்குழியை நிரப்பும். குழிப் பக்கம் ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்காது. நாற்றமாம்!

தும்பை என்ற பெண் முயலுக்கு மூன்று குட்டிகள். இரண்டு போகமாக அதன் பயிர் மஞ்சளாகிச் சுருண்டுபோனது. இந்த முறையும் விளையாவிட்டால், குட்டிகளோடு மலைக்கு அப்பாலுள்ள முள்காட்டுக்குப் போக வேண்டும். அங்கே நரிகள் அதிகம்.

அப்போதுதான் நாரை வாத்தியார் வந்து இறங்கியது.

"மண்ணை வளமாக்கப் பாடம் சொல்கிறேன். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். தினமும் காலையில், ஆலமரத்தடிக்கு!"

காலையில் பெண் முயல்கள் லத்தி பொறுக்கப் போயிருக்கும். அதனால் ஆண்களே பாடத்துக்குப் போயின. தும்பையின் கணவன் இலந்தையனும் போனது. நாரையின் குரல் ஓடைச் சலசலப்புபோல இதமாக இருந்தது. பனி மெத்தென்று இறங்கியது. இலந்தையன் உட்கார்ந்தபடியே கனவுக்குள் போய்விட்டது.

"என்னங்க சொன்னாரு?" என்று வீடு திரும்பிய இலந்தையனிடம் ஆவலோடு கேட்டது தும்பை.

"குழியை மண்ணு போட்டு மூடணுமாம். அதுக்கு முன்னாடி என்னமோ செய்யணும்னாரு... தூங்கிட்டேன் தும்பை!"

தும்பை காய்ந்துகிடந்த குழியை அப்படியே மூடியது. பிறகு அந்த எருவைப் பாதி நிலத்தில் போட்டு விதைத்தன. பயிர் முளைத்த சில நாளில் வேரடியில் நறநறவென்று சத்தம் கேட்டது.

"மக்காத எரு பிரமாதம்! விருந்துக்குக் கூப்பிட்டதுக்கு நன்றி அக்கா!" என்றன கரையான்கள்.

பாதி நிலத்துப் பயிர் போய்விட்டது. தும்பைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் அது லத்தி பொறுக்கப் போகவில்லை. குட்டிகளை இழுத்துக்கொண்டு நேரே ஆலமரத்தடிக்குப் போனது.

"பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்று சிரித்தது ஒரு கிழட்டு முயல்.

தும்பை கையோடு கொண்டுவந்த ஒரு பிடி எருவை நாரையின் முன்னால் வைத்தது. "வாத்தியாரே, இது மக்கிடுச்சா இல்லையான்னு இவங்களைக் கேளுங்க!"

நாரை கேட்டது. ஆண் முயல்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தன. கிழட்டு முயல் முகர்ந்து பார்த்துத் தும்மியது.

"அப்படியானால் குழியைப் பார்த்துக்கொள்வது யார்?" என்றது நாரை.

"நாங்கதான்! மண்ணைக் கிளறுறதுதான் அவங்க வேலை. மழை வந்தா மேல்மண்ணெல்லாம் சரிவுல அடிச்சிக்கிட்டுப் போகுது. அதுக்கு வழியை அவங்களுக்குச் சொல்லுங்க. குழிப் பாடத்தை எங்களுக்குச் சொல்லுங்க. நாங்க லத்தி பொறுக்கி வந்தப்புறம், குழிகிட்டயே வந்து!"

நாரை தூக்கிய காலைக் கீழே வைத்தது. "தப்பு என்னுடையது. யாருக்கு எது தேவை என்று கேட்காமலே வாய் வலிக்கப் பேசிவிட்டேன்!"

அன்று உச்சிப்பொழுதில் நாரை குழிக்கே வந்தது. தண்ணீர் தெளித்து, கிளறிவிட்டு, அதன்பிறகு மூடப் பெண்கள் கற்றுக்கொண்டன. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட ஆண்கள் கற்றுக்கொண்டன. மிச்சமிருந்த பாதி நிலத்தை விதைக்காமல் காத்திருந்தது தும்பை.

மூன்று மாதம் கழித்துக் குழியைத் திறந்தபோது, மழை நனைத்த மண்ணின் வாசம் பனியோடு பனியாகக் காடெங்கும் மிதந்தது. குட்டிகளுக்குக் கண் சொக்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த இலந்தையன் மெல்லக் கையை எடுத்தது.

"இதையா இத்தனை நாள் நாற்றம்னு சொன்னேன்!"

அந்தப் போகம் பாதி நிலமே முழு வயிற்றுக்கும் விளைந்தது. முள்காட்டுப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

வேலை செய்யும் கை எதுவென்று கேட்டறிந்து, அந்தக் கைக்கே சொல்லித்தரும் பாடம்தான் பலன் தரும்.