மன்னருடைய வலப்பக்கம்

முன்னொரு காலத்தில் பிங்கலப் பண்டிதர் என்றொரு அரண்மனை மருத்துவர் இருந்தார். உலகம் உண்டான நாள் முதல் மனித உடம்பில் இடம் எது, வலம் எது என்று ஒருவருக்கும் தெரியாதாம். அதைக் கண்டுபிடிக்கவே தாம் பிறந்ததாகச் சபையில் அறிவித்தார்.

"மன்னர்மன்னா! நோயாளி மல்லாந்து படுப்பான், குப்புறக் கிடப்பான். அவனுடைய இடவலத்தை நம்பி ஈரலைத் தேடுவதா? நாட்டு வைத்தியர்கள்தான் 'எந்தப் பக்கம் வலிக்குது, தொட்டுக் காட்டு' என்று நோயாளியிடமே பாடம் கேட்பார்கள். இனித் தங்கள் வலமே எல்லோருக்கும் வலம்."

மன்னருக்கு உச்சி குளிர்ந்தது. முரசறைந்தார்கள். அன்று முதல் அவருக்கு எதிரே நின்ற குடிகளுக்கெல்லாம் ஈரல் இடப்பக்கமும் இதயம் வலப்பக்கமும் போயின. முதுகைக் காட்டி நின்றால் பழையபடி வந்துவிடும். ஆனால் மன்னருக்கு முதுகைக் காட்டுவது குற்றம்.

விகடகவி கூத்தன் முதலில் சிரித்தான். அவன் சிநேகிதன் வேட்டன் அரண்மனையில் கொம்பு ஊதுகிறவன். அவனுக்கு இடது கீழ்ப்பல் சொத்தை. சபையில் மன்னரைப் பார்த்து நின்றதால் அது பண்டிதர் கணக்கில் 'வலது கீழ்ப்பல்' ஆயிற்று. மருத்துவச் சாலையில் மன்னர் இல்லை. பண்டிதரின் சீடன் 'வலது' என்ற சொல்லை மட்டும் நம்பி, வேட்டனின் சொந்த வலப்பக்கத்து நல்ல பல்லைப் பிடுங்கினான். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினான்.

"நாளைக்கு இன்னொண்ணாம்டா," என்று வேட்டன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பல்லெல்லாம் போச்சுன்னா எதை வச்சு ஊதுவேன்? யாரு சோறு போடுவா?"

கூத்தனுக்கு இரத்தம் கொதித்தது. அவனை இழுத்துக்கொண்டு சபைக்குப் போனான்.

"என் கணக்கு சரி. இவன் வாய்தான் தவறு," என்றார் பண்டிதர்.

"உமது கணக்கில் தீயை வைக்க! அதற்கு முரசறைந்த ஆணையிலும் வைக்க!" என்று கத்தினான் கூத்தன்.

மன்னர் எழுந்துவிட்டார். "என் ஆணையையா? காவலா, இவன் வலக்காதை அறு!"

கூத்தன் அசையவில்லை. "காவலரே, ஆணைப்படி செய்யும். இந்நாட்டில் வலம் என்பது மன்னருடையது. என் தலையில் இருப்பவை வெறும் காதுகள். வலக்காது அதோ, அரியணையில் இருக்கிறது."

காவலன் ஆணையை மீறியே அறியாதவன். கத்தியோடு மெல்ல அரியணைப் பக்கம் திரும்பினான்.

மன்னர் காதைப் பொத்திக்கொண்டார். "என்னுடையது இல்லையடா மூடா! அவனுடைய வலம்!"

"அவனவன் வலம் அவனவனுக்கா? இதை இரண்டு பல்லுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, அரசே!"

மன்னர் காதிலிருந்து கையை எடுத்தார், கையையே பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையை அங்கேயே ரத்து செய்து, முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார்.

கூத்தன் சிரிக்கவில்லை. "மாலை இருக்கட்டும். சொத்தைப் பல்லைப் பண்டிதரே இப்போது பிடுங்கட்டும். தவறினால் அவர் காதும் வெறும் காதில்லை, அறுபடும் வலக்காது."

பண்டிதர் பல் பிடுங்கும் குறடோடு வந்தார். யாராவது கேட்டுவிடுவார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு வேட்டன் காதருகே குனிந்தார்.

"தம்பி, எந்தப் பக்கம்ப்பா வலிக்குது? கொஞ்சம் தொட்டுக் காட்டு."