முதுகில் மூன்று நாடா

நீலாயதாட்சி ஆசிரமத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தேழு. குருவாக இருந்த உமையாளுக்கு நாற்பதுதான். தன்னைவிடச் சின்னவளை "அம்மா" என்று கூப்பிட அவளுக்கு நாக்குக் கூசும். அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று அவளும் கூப்பிட்டுத் தொலைத்தாள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "வீட்ல தனியா கிடக்கேன்னுதான் இங்க வந்தேன். பதிமூணு பேர் நடுவுலயும் தனியாத்தான் இருக்கேன். ஏம்மா இப்படி?"

உமையாள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

"சாண எரிவாயுக் குழியில வேலை செஞ்சா போட்டிருக்கற துணியெல்லாம் நாறிப்போகுது, நீலாக்கா. உடம்பு முழுக்க மூடற மாதிரி ரெண்டு ஓவரால் தைச்சுட்டு வாங்க."

இது ஒரு பதிலா? மோட்சத்துக்கு வழி கேட்டால் முருங்கைக்காய் வாங்கி வரச் சொல்வாள் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளை மிஞ்ச ஆளில்லை. கடைக்காரர் விரித்த பளபளப்புத் துணியைப் பார்த்து, இது கல்யாணத்துக்கா சாணி அள்ளவா என்று கேட்டாள். காடாவையும் கேன்வாஸையும் கசக்கிப் பார்த்து ஒதுக்கினாள். கெட்டி டிரில் துணியின் நுனியை மட்டும் குடிதண்ணீரில் நனைத்து, சாயம் போகவில்லை என்று கண்ட பிறகே தலையசைத்தாள். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், கிழியாது. தையல்காரரிடம் ரெட்டைத் தையல் போடச் சொன்னாள். முன்பக்கம் கழுத்திலிருந்து வயிறு வரை ஜிப். மாட்டவும் கழற்றவும் யார் தயவும் வேண்டாம்.

அவளுக்கு எல்லாமே அப்படித்தான். கணவர் போன பிறகு கழுத்துச் சங்கிலியின் கொக்கியைக்கூட முன்னால் திருப்பி மாட்டப் பழகியிருந்தாள். ஆசிரமத்தில் தன் வாளியைத் தானே தூக்குவாள். யாராவது கை நீட்டினால், நீங்க உங்க வேலையைப் பாருங்க என்பாள். முதல் மாதம் நீட்டினார்கள். அப்புறம் நீட்டவில்லை.

உமையாள் துணியைத் தடவிப் பார்த்து மெச்சினாள். மெச்சிவிட்டு, ஜிப்பைப் பிரித்து முன்பக்கத்தை மூடித் தைக்கச் சொல்லித் தையல்காரரிடமே திருப்பி அனுப்பினாள். வரும்போது திறப்பு முதுகுக்குப் போயிருந்தது. கட்டிக்கொள்ள மூன்று ஜோடி நாடா.

"முதுகுல முடிச்சை யாரு போடறதாம்?" என்றாள் நீலாயதாட்சி.

உமையாள் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை குழியில் நீலாயதாட்சியின் முறை. ஓவராலுக்குள் நுழைந்து கையை முதுகுக்குப் பின்னால் வளைத்தாள். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஒருத்தியைக் கூப்பிட வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். ஓவராலைக் கழற்றி, முன்னைப் பின்னாக்கிப் போட்டு, நாடாக்களை நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டாள். சங்கிலிக்குச் செய்த அதே வித்தை.

மூன்றாவது வாளி அள்ளும்போது சாணக் குழம்பு தெறித்தது. முடிச்சுக்கு முடிச்சு இருந்த இடைவெளி வழியாக இறங்கி, உள்ளே போட்டிருந்த பழைய சுடிதார் வயிறு வரை ஊறிப்போயிற்று. சங்கிலியையும் விடவில்லை.

அப்படியே உமையாள் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்குக் கிளம்பறேம்மா. தனியா இருக்கறதுன்னா என் வீட்லயே இருந்துக்கறேன். அங்க நாத்தமாவது இல்ல."

உமையாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கொடியில் தொங்கிய இன்னொரு ஓவராலை எடுத்தாள். கால் நுழைத்து, கை நுழைத்து, நீலாயதாட்சிக்கு முதுகைக் காட்டி நின்றாள். நாடாக்கள் அவிழ்ந்து தொங்கின.

நீலாயதாட்சி அசையவில்லை. அவள் மேலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கும் எட்டாது, நீலாக்கா," என்றாள் உமையாள், திரும்பாமலே. "அதனாலதான் இத்தனை வருஷமா இங்க இருக்கேன்."